துயருக்கு வயது உண்டு

ஒரே இழப்பு இருபது வயதில் ஒரு விதமாகவும் எழுபது வயதில் இன்னொரு விதமாகவும் மனிதரைத் தாக்கும் என்பது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்த மூத்தவருக்கும் தெரிந்த செய்திதான் என்றாலும், மனநெருக்கடியைப் பற்றிய ஆய்வுகள் சில அதைப் பொருட்படுத்தாமலேயே எழுதப்பட்டிருக்கின்றன. 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்னும் இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் நேரும் மாற்றங்களை எண்களால் மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். 43 நிகழ்வுகள் கொண்ட அந்தப் பட்டியலில் வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, நெருங்கிய உறவினரின் மரணத்துக்கு 63, திருமணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45, மகனோ மகளோ வீட்டைவிட்டுச் செல்வதற்கு 29, பள்ளி மாறுவதற்கு 20 என்று மதிப்புகள் தரப்பட்டுள்ளன. ஒரு மாற்றத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள ஒருவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பதையே அந்த எண்கள் குறிக்கின்றன. நல்ல மாற்றமும் மனிதரை வருத்தக்கூடும் என்பதைத் திருமணத்துக்குத் தந்த மதிப்பால் எடுத்துக்காட்டியது அந்த அளவுகோலின் சிறப்பு. துன்பப்படுபவரின் வயதைக் கேட்காமலேயே எண்ணைக் கொடுத்துவிட்டது அதன் பெருங்குறை.

அந்தக் குறையின் ஆழத்தை உணர்வதற்குத் திருவண்ணாமலையைப் போலப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது. ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்குரியதாகக் கருதப்படும் இவ்வூரில், மலையையே இறைவனாகக் கொண்டு 14 கிலோமீட்டர் தொலைவை வெறுங்காலுடன் வலம்வரும் கிரிவலம் பௌர்ணமிதோறும் நடைபெறுகிறது. அந்த இரவுகளில் தந்தையின் தோளில் தூங்கும் குழந்தையும், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவரும், பிள்ளைவரம் வேண்டும் தம்பதியரும், முழங்கால் வலியோடு வழியிலுள்ள ஒவ்வொரு லிங்கத்தின் முன்னும் உட்கார்ந்து எழும் மூதாட்டியும் ஒரே பாதையில் ஒரே திசையில் நடக்கிறார்கள். எல்லா வயதினருக்கும் இந்த ஊர் ஒரே ஆறுதலைத்தான் தருகிறது என்றும், அந்த ஆறுதல் எதையும் ஏற்றுக்கொள்ளும் மனஅமைதி என்றும் சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்த ஊரின் வரலாறும் சடங்குகளும் காட்டுவது வேறு.

திருவண்ணாமலையின் நவீன வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட நெருக்கடி ஒரு பதினாறு வயதுச் சிறுவனுடையது. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், வழக்குரைஞராக இருந்த தந்தை சுந்தரம் ஐயரை 1892-இல் இழந்தபோது அவனுக்கு வயது 12. வீடு கலைந்தது, தாயைப் பிரிந்து, அண்ணனோடு மதுரையில் சிற்றப்பாவின் வீட்டில் வளர்ந்து அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்தான். 1896 ஜூலையில், உடலில் எந்த நோயும் இல்லாத ஒரு நாளில், தான் சாகப்போகிறோம் என்னும் பேரச்சம் திடீரென அவனைப் பற்றிக்கொண்டது. அவன் யாரையும் அழைக்காமல், பிணம்போலக் கைகால்களை நீட்டிப் படுத்து, இறப்பது எது, எஞ்சுவது எது என்று தனக்குள்ளேயே ஆராய்ந்தான் என்பது பிற்காலத்தில் ரமண மகரிஷியாக அவரே சொல்லப் பதிவான செய்தி. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின், ஆகஸ்டு 29 அன்று வீட்டைவிட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தான்.

ஆன்மிக வரலாற்றில் இந்த நிகழ்ச்சிக்கு உள்ள இடத்தை யாரும் குறைக்க வேண்டியதில்லை. அதே வேளையில், தந்தையை இழந்த நான்கு ஆண்டுகளில் ஒரு சிறுவனுக்குள் மரணம் பற்றிய கேள்வி எழுந்தது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. வளரிளம் பருவத்தில், அதாவது குழந்தைமைக்கும் முழு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், துயரம் பெரும்பாலும் கண்ணீராக வராமல் கேள்வியாகவும் விலகலாகவும் வருவதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் நன்கு அறிவார்கள். வேங்கடராமனிடம் இருந்தது ஏற்பு அன்று, விசாரணை. வந்ததை அப்படியே தாங்கிக்கொள்ளும் பொறுமை அந்த வயதுக்குரியது அல்ல என்பதால், அதை ஓர் இளைஞரிடம் எதிர்பார்ப்பதும் அது இல்லையென்று அவரைக் கடிந்துகொள்வதும் நியாயமாகாது.

அந்தச் சிறுவன் தனியாக வாழ்ந்தான் என்று பலரும் நினைப்பது சரியன்று. அண்ணாமலையார் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் உள்ள பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் தொடையை அரித்ததும் தெரியாமல் கிடந்தபோது, ஊர்ப் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள் என்றால், அவனைக் காத்தவர்களும் அந்த ஊரிலேயே இருந்தார்கள்: அங்கே வாழ்ந்த துறவி சேஷாத்ரி சுவாமிகள் கவனித்தார், சிலர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், வேளைக்கு வேளை யாராவது ஒருவர் வாயில் உணவு வைத்தார். பழனிசாமி என்பவர் நெடுங்காலம் உடனிருந்து தொண்டு செய்தார். இளம் வயதினர் உலகத்திலிருந்து விலகிக்கொள்வது எப்போதும் கேடானது அல்ல. ஆனால் அந்த விலகலைப் பெரியவர்கள் சிலர் விழித்திருந்து தாங்க வேண்டியிருக்கிறது. இன்று அதே வயதுச் சிறுவன் ஒருவன் தனியாக ரயிலிலிருந்து இறங்கினால், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் வழியாக அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பப்படுவான், அதுவே சரியும்கூட. தம்மிடம் வந்து இல்லறத்தைத் துறக்கலாமா என்று கேட்ட பலருக்கு, இருக்கும் இடத்திலேயே இருக்கும்படிதான் ரமணர் சொல்லிவந்தார் என்பதை, அவருடைய கதையைத் தப்பியோடலுக்கு முன்மாதிரியாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் 104 என்னும் மாநில உதவி எண்ணும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் திட்டத்தின் 14416 என்னும் எண்ணும் செய்யும் வேலை, அன்றைக்கு உணவு கொண்டுவந்தவர்கள் செய்த வேலையிலிருந்து வெகுதூரம் விலகியது அன்று.

மகனின் கதை இவ்வளவு விரிவாகச் சொல்லப்படும் அளவுக்குத் தாயின் கதை சொல்லப்படுவதில்லை. அழகம்மாள் 1892-இல் கணவரை இழந்தார். 1896-இல் இரண்டாம் மகன் காணாமற்போனான். அவன் இருக்கும் இடம் தெரியவந்து 1898-இல் மூத்த மகன் நாகசாமியோடு திருவண்ணாமலையின் பவழக்குன்றுக்கு வந்து, திரும்பி வரும்படி நாள்கணக்கில் அழுது கேட்டும், பேசாமல் இருந்த மகனிடமிருந்து விதியைப் பற்றிய சில வரிகள் எழுதிய தாள் ஒன்றே கிடைத்தது. 1900-இல் நாகசாமியும் இறந்தார். ஹோம்ஸும் ராஹேயும் வகுத்த அளவுகோலின்படி மகன் வீட்டைவிட்டுச் சென்றதற்கு 29 மதிப்பு; கணவரும் இல்லாத வீட்டில், பெயரும் முகவரியும் சொல்லாமல் போன பதினாறு வயதுப் பிள்ளைக்காக ஒரு தாய் விழித்திருந்த இரவுகளை அந்த எண் எட்டவே இல்லை.

1916-இல் அழகம்மாள் மகனோடு இருப்பதற்காகவே திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். முதுமையை நோக்கி நகரும் மனிதர்கள் தம் எஞ்சிய காலம் குறுகியது என்று உணரத் தொடங்கும்போது, புதிய அறிமுகங்களையும் தூரத்து இலக்குகளையும் விட்டுவிட்டு, மனத்துக்கு நெருக்கமான சிலரையே நாடுகிறார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் என்னும் உளவியலாளர் விளக்கியிருக்கிறார். வயது குறைந்தவர்களும் பிரிவோ நோயோ காரணமாகக் காலம் குறைவு என்று உணர்ந்தால் அவ்வாறே நடந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய கோட்பாட்டின் முக்கியமான பகுதி. அழகம்மாளின் வருகையை அதற்கு அருமையான சான்றாகக் கொள்ளலாம். 1898-இல் அவர் உலகத்தை மாற்ற வந்தார். மகன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கையாக இருந்தது. 1916-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, மகன் இருக்கும் இடத்தையே தம் வீடாக்கிக்கொண்டார். அதுவும் வெறும் பணிவாக நிகழ்ந்துவிடவில்லை: அதுவரை யாரேனும் கொண்டுவருவதை உண்டு வாழ்ந்துவந்த துறவிகளின் நடுவே, கந்தாசிரமத்தில் அடுப்பை மூட்டி அவரே சமைக்கத் தொடங்கினார். ஆசாரங்களை எளிதில் விட்டுவிடவில்லை. இளைய மகனும் அங்கேயே வந்து சேர்ந்தார். திருச்சுழியில் கலைந்த குடும்பம் வேறொரு வடிவில் மலைமேல் கூடியது என்று சொன்னால் மிகையாகாது. 1922 மே 19 அன்று, மகனின் கைகள் தலையிலும் மார்பிலும் இருக்க, அவர் உயிர் நீத்தார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றியே இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

நடுவயதை எட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் இழந்துவிடுபவர்களின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அவர்களுக்கு முன்னால் நெடிய காலம் கிடக்கிறது, அந்தக் காலத்தை நிரப்ப இருந்தவர்களோ போய்விட்டார்கள். போளூர் அருகே மண்டகொளத்தூரைச் சேர்ந்த எச்சம்மாள் கணவரையும், ஒரே மகனையும், ஒரே மகளையும் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். ஊரைவிட்டுப் போய் கோகர்ணம் முதலான இடங்களில் சாதுக்களுக்குத் தொண்டு செய்து பார்த்தும் துயரம் ஆறாமல் திரும்பியவர், 1907-ஐ ஒட்டி விரூபாட்ச குகையில் இருந்த ரமணரின் முன் வந்து நின்றார். நெடுநேரம் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது வரலாறு. அதன்பிறகு அவர் தம் வீட்டில் சமைத்து மலைமேல் எடுத்துச் சென்று ரமணருக்கும் உடனிருந்தவர்களுக்கும் படைக்கத் தொடங்கினார். அந்த வழக்கம் 1945-இல் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள், நீடித்தது.

எச்சம்மாள் தம் துயரத்தை மறந்தார் என்று சொல்வதற்கு இடமில்லை. அவருக்குக் கிடைத்தது நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலையும், ஏற வேண்டிய ஒரு மலையும், பசியோடு காத்திருக்கும் சில மனிதர்களும். ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட நூல், நெருக்கடியை எதிர்கொள்ளும் வழிகளை இரண்டாகப் பிரித்தது: நெருக்கடியின் காரணத்தையே மாற்ற முயல்வது ஒன்று, காரணத்தை மாற்ற இயலாதபோது அதனால் எழும் உணர்ச்சியைக் கையாள்வது மற்றொன்று. இறந்தவர்களை மீட்க முடியாது என்பதால் எச்சம்மாளின் வழி இரண்டாவதைச் சேர்ந்தது என்று வகைப்படுத்திவிடலாம். ஆனால் அவர் சோறு வடித்தார், சுமந்தார், பரிமாறினார் என்பதைப் பார்க்கும்போது, உணர்ச்சியைக் கையாள்வதற்கும் கைகளுக்கு வேலை வேண்டியிருக்கிறது என்பது புலப்படுகிறது. அவர் ஒரு பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்து மணமும் செய்துவைத்தார் என்பதும், அந்த மகளும் ஒருநாள் திடீரென இறந்துபோனாள் என்பதும், செய்தியோடு வந்து நின்ற எச்சம்மாளைக் கண்டு ரமணரின் கண்கள் கலங்கின என்பதும் சேர்த்து நினைக்கத்தக்கவை. மீண்டும் பாசம் வைத்ததற்காக அவரை யாரும் குறை சொல்லவில்லை; இரண்டாம் முறை இழந்த பிறகும் சமையல் நிற்கவில்லை.

தனிமனிதர்கள் இவ்வாறு தாமே கண்டுகொண்ட வழிகளைக் கோயில், வயதுக்கேற்ற சடங்குகளாக ஆண்டு முழுவதும் ஊருக்குப் பொதுவில் வைத்திருக்கிறது. இளம் தம்பதியருக்கு உரியவை இரண்டு. கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது, வேண்டுதலால் பிள்ளை பெற்றவர்கள் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிக் குழந்தையை அதில் கிடத்தி மாட வீதிகளைச் சுற்றிவருகிறார்கள்; அதுவரை மருத்துவமனை வாசல்களிலும் உறவினரின் கேள்விகளிலும் தனியாகப் பட்ட அவமானம், ஆயிரக்கணக்கானோர் வழிவிட்டு நிற்கும் தெருவில் பெருமையாக மாறுகிறது. பிள்ளை பிறக்காதவர்களுக்கு அந்த ஊர்வலம் என்ன செய்யும் என்னும் கேள்வி இங்கே எழுகிறது; அதற்கு இந்தச் சடங்கிடம் பதில் இல்லை. மற்றொன்று திருவூடல். மாட்டுப் பொங்கலன்று, தம்மை மட்டும் வணங்கிய பிருங்கி முனிவருக்கு அருள்செய்ய அண்ணாமலையார் முனைவதால் அம்மன் கோபங்கொண்டு கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ள, சுவாமி அன்றிரவு வெளியே தங்கி, மறுநாள் தனியாகவே கிரிவலம் சென்று திரும்பிய பிறகே சமாதானம் ஏற்படுகிறது. திருவூடல் தெருவில் கூடி நிற்கும் கணவன்மாருக்கும் மனைவியருக்கும், சண்டையென்பது இல்லறம் முறிந்துவிட்டதற்கான அடையாளம் ஆகாது என்பதையும், தணிவதற்கு ஓர் இரவும் ஒரு நீண்ட நடையும் தேவைப்படலாம் என்பதையும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

முதியவர்களின் அச்சத்துக்குரிய சடங்கு வல்லாள மகாராஜாவுடையது. போசள அரசர் மூன்றாம் வீரவல்லாளன், திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்து, 1340-களின் தொடக்கத்தில் மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் முதிய வயதில் கொல்லப்பட்டவர் என்பது வரலாறு. பிள்ளையில்லாத அவருக்கு இறைவனே குழந்தையாக வந்தான் என்பது அருணாசல புராணம் சொல்லும் கதை. தைப்பூசத்தன்று தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வழியில் வல்லாளன் இறந்த செய்தி வந்து சேர, சுவாமி மேளதாளம் இன்றிக் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகனுக்குரிய கடமையாகத் திதி கொடுக்கிறார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் நான்கு காரணங்களுள் இழவு ஒன்று, முன்னிருந்த நிலை கெட்டு வருந்தும் அசைவு மற்றொன்று. முதுமையில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. தனக்கு யார் கொள்ளி வைப்பார்கள், யார் நினைப்பார்கள் என்று கேட்கும் முதியவருக்கு, ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த ஒருவருக்காக ஆண்டுதோறும் ஊரே துக்கம் காக்கும் காட்சி தரக்கூடிய ஆறுதல் சிறியதன்று.

ஆயினும் அந்த ஆறுதலைக் காரணம் காட்டி வீட்டினர் தம் கடமையைக் கைகழுவிவிட முடியாது. கிரிவலப் பாதையோரம் காவி உடுத்தி அமர்ந்திருப்பவர்களுள் வீட்டைத் துறந்தவர்களும் உண்டு, வீட்டால் துறக்கப்பட்டவர்களும் உண்டு; பௌர்ணமிக்கு வந்து அன்னதானம் செய்பவர்களின் கண்ணுக்கு இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் சட்டப்பூர்வமான கடமை என்று 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் கூறுகிறது. கைவிடப்பட்ட முதியவரின் மௌனத்தை ஞானமென்று எண்ணிக் கும்பிட்டுவிட்டுக் கடந்துபோவது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

ஏற்றுக்கொள்ளுதல் எங்கே நிற்க வேண்டும் என்பதை 2024 டிசம்பர் 1 கொடூரமாகக் காட்டியது. ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவின் மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் 11-ஆம் தெருவில் ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். பன்னிரண்டு நாள்களுக்குப் பின், டிசம்பர் 13 அன்று, கார்த்திகைத் திருவிழாவின் மகா தீபம் வழக்கம்போல் மலையுச்சியில் ஏற்றப்பட்டது என்றாலும், மண் இளகியிருந்ததால் அதற்கு முன் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மலையேற விடப்பட்டுவந்த பக்தர்களுக்கு அந்த ஆண்டு அனுமதி இல்லை. தீபத்துக்காக மலையேறுவோரின் உயிருக்குக் காட்டப்பட்ட அந்த முன்னெச்சரிக்கை சரியானது. சரிவிலேயே ஆண்டு முழுவதும் குடியிருப்போரின் உயிருக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். வாடகை கட்டுப்படியாகும் வேறு இடம் இல்லாததால் மலையை ஒட்டி வீடு கட்டிக்கொண்டவர்களிடம், நடந்தது விதி என்றோ, மலையே தெய்வம், அது பார்த்துக்கொள்ளும் என்றோ சொல்வது ஆறுதலாகாது. இது லாசரஸ் வகுத்த முதல் வழிக்கு, அதாவது காரணத்தையே மாற்றுவதற்கு உரிய இடம்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இது இன்னும் உறுதியாகப் பொருந்தும். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குண்டுவீச்சுக்கு ஆளான குழந்தைகளைக் கவனித்த ஆன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும், குண்டுகளைக் காட்டிலும் தாயின் பிரிவும் உடனிருக்கும் பெரியவர்களின் பீதியுமே அவர்களை அதிகம் குலைத்தன என்று 1943-இல் எழுதினார்கள். சிறுவர்கள் ஆபத்தைத் தம்மைச் சுற்றியுள்ளவர்களின் முகத்தில் பார்த்தே அளக்கிறார்கள்; விசாரணையும் தத்துவமும் தொண்டும் அவர்கள் வயதுக்கு உரியவை அல்ல. வழக்கமான பள்ளி, விளையாட்டுத் தோழர்கள், அதே கையால் அதே நேரத்தில் கிடைக்கும் உணவு ஆகியவை திரும்பினால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழையில் அந்தத் தெருவின் பிள்ளைகள் அச்சமின்றித் தூங்க வேண்டுமானால், முதலில் அவர்களின் தாய்தந்தையர் தூங்க வேண்டும். அதற்கு மலைச்சரிவுக்கு அப்பால், வேலைக்கும் பள்ளிக்கும் நடந்துபோகும் தொலைவில், அவர்களுக்குச் சொந்தமான வீடு கிடைப்பதே எந்த மனநல ஆலோசனைக்கும் முன்னதாகச் செய்யப்பட வேண்டிய ஏற்பாடு.